குமிழி வராத தண்ணீர்

பகல் சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் போன பிறகு, நான் மட்டும் விஞ்ஞான அறையில் நின்று அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன்.

கிணற்றுத் தண்ணீரில் இல்லை. நானே காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாக வடித்து, சீசாவில் மூடி வைத்திருந்த தண்ணீரில். தூத்துக்குடியில் குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நின்ற காலம் அது. அந்த ஊரில் வடித்த தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கிண்ணம் கழுவிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கிண்ணத்தைக் கழுவினேன். இரண்டு சோதனைக் குழாய்களைக் கழுவினேன். பிளாட்டினத் தகடுகளைக் கழுவினேன். என் விரல்களையும் கழுவிவிட்டு, துடைத்தால் துணியின் அழுக்கு ஒட்டுமே என்று காற்றில் உதறிக் காயவைத்தேன்.

மனசுக்குள் ஒரே எண்ணம்தான் ஓடியது. பிலோமினாவைவிட சுத்தமாக இருக்க வேண்டும்.

போன வாரம் எங்கள் பள்ளியில் தையல் வகுப்பு நடந்த விதத்தை எழுதியிருந்தேன். "உங்களுக்கு அங்கே சிநேகிதிகளே கிடையாதா?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். இருந்தாள் அம்மா, ஒருத்தி இருந்தாள். அவளால் நான் பட்ட பாட்டைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

கொழும்புச் சேலை

பிலோமினாவும் நானும் ஒரே வருஷம்தான் அந்தப் பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தோம். அவள் தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. அவள் அப்பாவுக்குக் கொழும்புக்குப் போய் வருகிற தோணி ஒன்று சொந்தமாக இருந்தது. நான் நாசரேத்துக்காரி. அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்.

தோணி வந்தால் அவளுக்குக் கொழும்புச் சேலை வரும். காற்றுப் பட்டால் பறக்கிற, 'வாயில்' என்கிற மெல்லிய துணிச் சேலை. நான் கஞ்சி போட்ட கைத்தறியைக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பேன்.

சேலைக்கா பொறாமைப்பட்டாய் என்று கேட்டால், ஆமாம், சேலைக்கும் பட்டேன். அவள் முடிக்குப் பட்டேன். அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் தலை குளித்தால் என் முடி சிக்குப் பிடித்துத் தேங்காய் நாராகிவிடும். அவள் பிறந்ததிலிருந்து அதே தண்ணீரில்தான் குளிக்கிறாள், பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கியது. இதில் என்ன நியாயம் இருக்கிறது?

பாடத்தில் நான் அவளுக்கு ஒரு படி மேலே என்பதை அவளே சொல்லுவாள். "ஏளா கிரேஸ், இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடல, சொல்லித் தாயேன்" என்று கூசாமல் வந்து நிற்பாள். சொல்லிக்கொடுப்பேன். அதே கணக்கை மறுநாள் அவள் வகுப்பில் நடத்துவாள். பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் சுவர் தாண்டி என் வகுப்புக்குக் கேட்கும். கணக்குப் பாடத்தில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். அதுதான் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பொறாமைக் குணம் எனக்கு ரத்தத்தில் வந்தது. ஊரில் கோயில் பாட்டுக்குழுவுக்குப் பெரியப்பாவைத் தலைவராக்கினார்கள் என்பதற்காக, வீட்டுக்கு எதிரேயே கோயில் இருக்க, எங்கள் அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து ஊர்க் கோயிலுக்கு நடந்து போவார். மழை வந்தாலும் போவார். "அங்கன பிரசங்கம் நல்லா இருக்கு" என்பார். அந்தக் கோயிலில் பாட்டுக்குச் சுருதி சேர்க்க ஒரு ஆர்மோனியம்கூட இல்லை. அம்மா சிரித்துவிடாமல் இருக்க அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஒரே ஒரு இடம்

இரண்டாவது உலகச் சண்டை முடிந்த சமயம். பள்ளியைப் பெரிதாக்கப் போகிறார்கள், மேல் வகுப்புகள் வரப் போகின்றன என்று பேச்சு அடிபட்டது. மேல் வகுப்புக்கு விஞ்ஞானம் நடத்தப் பட்டம் படித்தவள் வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் இன்டர்மீடியட்டோடு நின்றவர்கள். எங்களில் ஒருத்தியைப் பள்ளிச் செலவில் சென்னைக்கு அனுப்பிப் பட்டம் படிக்கவைப்பது என்று நிர்வாகத்தில் முடிவாயிற்று.

ஒருத்தியைத்தான்.

எனக்குக் கீழே இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு நின்றார்கள். மேலே படிக்கிற பேச்சை வீட்டில் எடுக்கவே முடியாது. இந்த இடம் கிடைத்தால் நான் பி.எஸ்ஸி., கிடைக்காவிட்டால் சாகிற வரைக்கும் கீழ் வகுப்பில் செம்பருத்திப் பூவை அறுத்துக் காட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பிலோமினாவுக்கு அப்படி இல்லை. அவள் கேட்டால் அவள் அப்பா தோணியையே விற்றுப் படிக்கவைப்பார். அப்படிப்பட்டவளும் போட்டியில் இருக்கிறாளே என்று எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

யாரை அனுப்புவது என்று சொல்ல மதுரையிலிருந்து இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வருவதாக ஏற்பாடு. இரண்டு பேரும் ஒரே பாடத்தை நடத்த வேண்டும், காலையில் அவள், மத்தியானம் நான். பாடம், மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்துக் காட்டுவது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிண்ணத்தில் தண்ணீர். அதற்குள் இரண்டு தகடுகள். தகடுகளைப் பாட்டரியின் இரண்டு முனைகளோடு கம்பியால் இணைத்தால், இரண்டிலிருந்தும் குமிழி கிளம்பும். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறு பக்கம் ஆக்ஸிஜன். தகடுகளின் மேல் தண்ணீர் நிரப்பிய சோதனைக் குழாய்களைக் கவிழ்த்து வைத்தால் வாயு அதில் சேரும். ஹைட்ரஜன் இரண்டு பங்கு சேர்ந்தால் ஆக்ஸிஜன் ஒரு பங்கு சேரும்.

வேகமாக நடக்க வேண்டுமானால் தண்ணீரில் கந்தக ஆசிட் சில சொட்டு விடுவது வழக்கம். ஆனால் முந்தின வருஷம் ஒரு பிள்ளையின் பாவாடையில் ஆசிட் தெறித்து ஓட்டை விழுந்ததிலிருந்து, ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ஆசிட் சீசாவைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆசிட் இல்லாமல்தான் காட்ட வேண்டும்.

எனக்கு அதில் சந்தோஷம்தான். என் வகுப்பில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்டிருந்தாள். "டீச்சர், இந்த வாயு தண்ணீரிலிருந்து வந்ததா, ஆசிட்டிலிருந்து வந்ததா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால் இந்த முறை வெறும் தண்ணீரை மட்டும் வைத்தே காட்டுவது என்று தீர்மானித்தேன். ஆசிட்டும் இல்லை, உப்பும் இல்லை, தண்ணீர் மட்டும்.

ரேடியோக்களுக்குப் பாட்டரி சார்ஜ் செய்கிற கடை ஒன்று பெரிய கடைத்தெருவில் இருந்தது. அந்தக் கடை அண்ணாச்சி நாலு பாட்டரிகளைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கினார். நான் வடித்து வைத்திருந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு சீசா தாரியளா டீச்சரம்மா? இந்த ஊருத் தண்ணிய ஊத்துனா பாட்டரி பாழாப் போவுது" என்று கெஞ்சினார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

முந்தின வாரம் தனியாக ஒத்திகை பார்த்தேன். குமிழி மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. பீரியட் முடிகிற நேரத்துக்கு ஒரு குழாயில் இரண்டு விரற்கடை, மற்றதில் ஒரு விரற்கடை. சென்னை ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

காலை வகுப்பு

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வெள்ளைப் பட்டுடுத்தி, காதில் முத்துத் தோடு போட்டு வந்தார். முத்துக் குளிக்கிற ஊரில் பிறந்தவர்கள் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் முத்தைப் பார்ப்பார்கள். பிலோமினா என் காதில் குனிந்து, "ஜப்பான் முத்துளா, வளத்த முத்து" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பாடத்தை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவளுக்கு மட்டும் எப்படி முத்துப் பார்க்கத் தோன்றுகிறது என்று உடனே கோபமும் வந்தது.

அவள் வகுப்பைப் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். பள்ளிக் கிணற்றுத் தண்ணீரை வாளியோடு கொண்டுவந்து வைத்தாள். சோப்பு நுரைக்காத அதே தண்ணீர். கிண்ணத்தில் ஊற்றிக் கம்பியை இணைத்தாள். சோடா சீசா திறந்தது மாதிரி குமிழி பொங்கியது. பிள்ளைகள் "ஆ" என்று எழுந்து நின்றார்கள்.

ஹைட்ரஜன் குழாயின் வாயில் தீக்குச்சியைக் காட்டினாள். டப்பென்று வெடித்தது. வகுப்பே கூச்சல் போட்டுச் சிரித்தது.

அப்போது எனக்கு அந்த வாடை வந்தது. காலராக் காலத்தில் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவார்களே, அதே வாடை. கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கிறது, அதனால் ஒரு பக்கம் ஆக்ஸிஜனோடு குளோரினும் கிளம்புகிறது. பாதி வாயு தண்ணீரிலேயே கரைந்துபோய், இரண்டாவது குழாயில் ஒரு நகக்கண் அளவுதான் சேர்ந்திருந்தது. மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். பெஞ்சுக்கு அடியில் என் கால் தானாகத் தாளம் போட்டது.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா கேட்டே விட்டார். "இரண்டுக்கு ஒன்று என்றல்லவா வர வேண்டும்? அளவு சரியாக இல்லையே?"

பிலோமினா அசரவில்லை. பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பி, "என்ன வாடை அடிக்குது, சொல்லுங்க" என்றாள். "பிளீச்சிங் பவுடர், டீச்சர்!" என்று கத்தினார்கள். "அது எங்கேயிருந்து வந்தது? நாம என்ன போட்டோம்?" ஒன்றும் போடவில்லை என்றார்கள். "அப்போ தண்ணிக்குள்ளேயே இருந்திருக்கு. நம்ம ஊரு தண்ணியில என்ன இருக்கும்?" என்றாள். "உப்பு!" என்று வகுப்பே சொன்னது. அவ்வளவுதான், தவறை எடுத்து அப்படியே பாடமாக்கிவிட்டாள்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா தலையாட்டினார். ஆனாலும் போகும்போது, "அளவு சரியாக வந்திருக்கலாம். மத்தியானம் பார்ப்போம்" என்று என் பக்கம் பார்த்துச் சொன்னார்.

எனக்கு அது போதும். அளவு என்றால் நான். அதனால்தான் சாப்பிடக்கூடப் போகாமல், ஒத்திகையின்போது கிணற்றுத் தண்ணீரில் அலசி வைத்த சாமான்களையெல்லாம் எடுத்து, வடித்த தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினேன். அவள் பாத்திரத்திலிருந்து ஒரு பொட்டு உப்புகூட என் பாத்திரத்துக்கு வந்துவிடக் கூடாது.

மத்தியான வகுப்பு

கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றினேன். கண்ணாடி எது, தண்ணீர் எது என்று தெரியாத அளவுக்குத் தெளிவு. கம்பியை இணைத்தேன். "கவனியுங்கள்" என்றேன்.

கவனித்தார்கள். ஒன்றும் வரவில்லை.

"மெதுவாகத்தான் வரும்" என்றேன். பாடத்தின் மீதியை நடத்தினேன். கரும்பலகையில் படம் போட்டேன். திரும்பிப் பார்த்தேன். தகட்டின் மேல் கடுகளவு குமிழிகூட இல்லை.

கம்பிகளைத் திருகிப் பார்த்தேன். கழற்றி, இரண்டு முனைகளையும் லேசாக உரசினேன். பொறி பறந்தது. பாட்டரியில் குறையில்லை. மறுபடி இணைத்தேன். கிண்ணம் சும்மாவே இருந்தது. வெளியே சங்குகளைக் குவித்து வைக்கிற கிட்டங்கிப் பக்கமிருந்து நாற்றம் காற்றில் வந்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

"யார் இதைத் தொட்டது?" என்று முன் பெஞ்சைப் பார்த்து அதட்டினேன். "நான் வருவதற்கு முன்னால் யார் கை வைத்தது? உண்மையைச் சொல்லுங்கள்."

அப்போது பின் பெஞ்சிலிருந்து பிலோமினா எழுந்து நின்றாள். மாணவி மாதிரி கையை உயர்த்திக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், எனக்கு ஒரு சந்தேகம். காலையில எங்க தண்ணியில குமிழி வந்துச்சு. உங்க தண்ணியில வரல்ல. ரெண்டும் தண்ணிதானே? பின்ன ஏன்?"

வகுப்பு மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

பதில் என் வாய்க்கு வந்து நின்றது. அந்த நிமிஷம் வரை அது எனக்குத் தெரிந்திருந்தும் தெரியாமல் இருந்திருக்கிறது. தண்ணீர் தனியாக இருந்தால் மின்சாரத்தை ஏறக்குறைய விடவே விடாது. அதில் கரைந்திருக்கிற உப்பும் மற்றதும்தான் மின்சாரத்தை ஒரு தகட்டிலிருந்து மறு தகட்டுக்குக் கொண்டுபோகிறது. ஒத்திகையில் வந்த குமிழிக்குக் காரணம் என் சுத்தமான தண்ணீர் இல்லை, கழுவாமல் விட்ட கிணற்று உப்பு. தூத்துக்குடியில் கதவுக் கீலில் உப்பு, ஜன்னல் கம்பியில் உப்பு, உதட்டை நக்கினால் உப்பு. உண்மையிலேயே சுத்தமான தண்ணீரை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன், பார்த்ததும் அது என்னைக் கைவிட்டது.

சொன்னேன். பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். காலையிலிருந்து அங்கேயே இருந்த அவளுடைய வாளியிலிருந்து ஒரு கரண்டி கிணற்றுத் தண்ணீரை மொண்டு என் கிண்ணத்தில் விட்டேன். தகட்டைச் சுற்றிக் குமிழி வரிசை கட்டி ஏறியது. இன்னொரு கரண்டி விட்டதும் பொங்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். என் வகுப்பில் கைதட்டல் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில்

"பிரமாதம்" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா. "சுத்தத் தண்ணீரில் வராது என்று முதலில் காட்டி, ஒரு டீச்சரை விட்டே கேள்வி கேட்கவைத்து, பிறகு விடை சொன்னீர்கள். இந்தத் திட்டம் உங்களுடையதா?"

பிலோமினா என் பக்கத்தில்தான் நின்றாள். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மறுக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆமாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சென்னை என்னுடையது.

"திட்டம் ஒன்றுமில்லை மேடம்" என்றேன். "என் சோதனை தோற்றது. அவள் கேள்வி கேட்டதால் தப்பித்தது."

இதைப் படித்துவிட்டு என்னை உத்தமி என்று யாரும் எழுதிவிடாதீர்கள். உண்மை பேச வேண்டும் என்று நான் பேசவில்லை. அவள் போட்ட பிச்சையில் நான் படித்தேன் என்று வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அவள் தயவில் போவதைவிடப் போகாமலே இருந்துவிடலாம் என்று தோன்றியது. அது சுத்தமான பொறாமை, அதில் உப்பு ஒரு துளிகூடக் கலக்கவில்லை.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. சென்னைக்குப் போகிறவள் பிலோமினா.

சாயங்கால ரயில்

அவளை வழியனுப்பக் கடற்கரைத் தெருவே ஸ்டேஷனுக்கு வந்திருந்தது. பலகாரக் கூடைகள், ஒரு டிரங்குப் பெட்டி, கழுத்தில் புதுசாக ஒரு ஜெபமாலை. நானும் போயிருந்தேன். போகாவிட்டால் பொறாமை என்று பேசுவார்கள்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கொஞ்சம் விலகிய சமயம் பார்த்துக் கிட்டே போனேன். அத்தனை நாளாக மனசில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"ஏளா, அன்னைக்கு ஏன் எந்திச்சுக் கேட்ட?"

"என்னைக்கு?"

அவளுக்கு ஞாபகமே இல்லை. நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் வந்த அன்றைக்கு, மத்தியானம், என் தண்ணீரில் குமிழி வராதபோது.

"ஓ, அதுவா" என்று சிரித்தாள். "முன் பெஞ்சுப் பிள்ளைய எல்லாம் தலையத் தொங்கப் போட்டு இருந்துச்சுவ. அந்தப் பெஞ்சு ஓரத்துல இருந்த குட்டி தோள் குலுங்க அழவே ஆரம்பிச்சிட்டா. நீ வேற யார் தொட்டான்னு அதட்டுத. பாவமா இருந்துச்சு, அதான் கேட்டேன்."

"எனக்காக இல்லியா?"

"ஒனக்கு என்னளா? ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஒன்னப் பத்தி நான் எதுக்குக் கவலப்படணும்?"

கேலி இல்லை. மனசார அப்படித்தான் நினைத்தாள்.

எனக்காகச் செய்திருந்தால் அவளை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். முன் பெஞ்சு எனக்கு எதிரே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது. அங்கே ஒரு குழந்தை அழுததை நான் பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் கிண்ணத்தை, கடிகாரத்தை, அவளை. கடைசி பெஞ்சில் இருந்தவள் அந்தக் குழந்தையைப் பார்த்திருக்கிறாள். பட்டம் போனால் போகிறது, அந்தப் பார்வை எந்தக் கல்லூரிக்குப் போனாலும் எனக்குக் கிடைக்காது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

வண்டி நகர்ந்தது. எல்லோரும் கையாட்டினார்கள். எனக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் எவ்வளவு அமுக்கியும் நிற்கவில்லை. வயிறு எரிந்து அழுதேன்.

பிலோமினாவின் அம்மா என்னை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டாள். "அழாத மக்கா, லீவுக்கு வந்துருவா" என்று முதுகைத் தடவினாள். பிறகு பக்கத்திலிருந்தவர்களிடம் திரும்பி, "பாத்தியளா, எம் மவ மேல இந்தப் பிள்ளைக்கு என்ன பாசம்னு" என்றாள்.